கண்ணாடியில் ஒரு புள்ளி

1994ஆம் ஆண்டு பிப்ரவரி 13, ஞாயிற்றுக்கிழமை. எங்கள் வீட்டு ஞாயிறுகளுக்கு ஓர் ஒழுங்கு உண்டு. அப்பா காய்கறி வாங்கி வருவார், அம்மா இட்லி ஊற்றுவாள், நான் மறுநாள் பள்ளிக்குக் காலணியைத் துடைத்துப் பாலிஷ் போடுவேன், மாமா ஸ்கூட்டரை உதைத்துக் கிளப்புவார். அன்றும் எல்லாம் அப்படியே நடந்தன. ஒரே மாற்றம், ஸ்கூட்டரின் பின்னால் நானும் ஏறிக்கொண்டேன்.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. கோயம்புத்தூரிலிருந்து புனேவுக்கு வந்து, எங்களோடு தங்கி, போசரியில் ஒரு தொழிற்சாலையில் பொறியாளராக இருந்தார். வாரத்தில் ஆறு நாள் அவருக்குத் தொழிற்சாலை, ஏழாவது நாள் ஆகாயம். ஊருக்கு வெளியே ஒரு புல்வெளியில் அவரும் சில நண்பர்களும் கிளைடர் ஓட்டினார்கள். கிளைடருக்கு எஞ்சின் கிடையாது. இரும்புக் கயிற்றால் இழுத்து மேலே ஏற்றிவிடுவார்கள். அதற்குப் பிறகு காற்றும் ஓட்டுபவரின் கண்ணும்தான். எனக்குப் பத்து வயது முடிந்ததும் கூட்டிப்போவதாக மாமா வாக்குக் கொடுத்திருந்தார்.

அம்மா எளிதில் சம்மதிக்கவில்லை. "மேல எதுக்க இன்னொருத்தன் வந்தா என்னடா பண்ணுவே?" என்று சாப்பாட்டு மேசையில் கேட்டாள்.

மாமா இரண்டு கரண்டிகளை எடுத்து, சாம்பார் பாத்திரத்துக்கு மேலே எதிரெதிராகப் பறக்கவிட்டார். "ரெண்டு பேரும் அவங்கவங்க வலது பக்கம் ஒதுங்கோணும் அக்கா. உலகம் பூராவும் இதே சட்டந்தான்."

"கீழ எறங்கினதும் இடது பக்கம்னு ஞாபகம் வெச்சுக்க, மாப்பிள்ள. லட்சுமி ரோட்டுல வந்து வலது பக்கம் ஒதுங்கிறாத" என்றார் அப்பா.

அம்மா சிரிக்கவில்லை. "ஒதுங்கறதுக்கு முன்னாடி பாக்கோணுமல்ல?"

"அதுக்குத்தான் இவளக் கூட்டிட்டுப் போறேன். இவ கண்ணுக்கு எது தப்பும்?"

"இவ மேல ஒரு கீறல் விழுந்தாலும், அப்புறம் நீ அந்த மைதானத்துப் பக்கம் தலை வெச்சுப் படுக்கக் கூடாது. சொல்லிப்போட்டேன்."

மாமாவின் ஞாயிற்றுக்கிழமைகள் அத்தனையும் என் தோலின் மேல் ஏறி உட்கார்ந்தது இப்படித்தான்.

முந்தைய வாரம் முழுவதும் எனக்குப் பயிற்சி நடந்தது. நேர் எதிரே பன்னிரண்டு மணி, வலது கைப் பக்கம் மூன்று, இடது கைப் பக்கம் ஒன்பது. ஸ்கூட்டரின் பின்னால் உட்கார்ந்து, "மூணு மணி, எருமை!", "பத்து மணி, பால்காரர்!" என்று கத்திக்கொண்டே போனேன். மாமா கொடுத்த கட்டளை ஒன்றுதான்: "நகர்றது எது கண்ணுல பட்டாலும் சொல்லு கண்ணு." அதை நான் எழுத்துப் பிசகாமல் நிறைவேற்றினேன். சிக்கல் அங்கேதான் இருந்தது.

கிளைடரில் எனக்கு முன் இருக்கை, மாமாவுக்குப் பின் இருக்கை. நான் குள்ளம் என்பதால் வெளியே நன்றாகத் தெரியட்டும் என்று இரண்டு தலையணை போட்டு உட்கார வைத்தார். இரட்டைப் பின்னலோடு என் தலை உயர்ந்து நின்றது. மேலே போனதும் பயம் வரவில்லை, வேலைதான் வந்தது. "இரண்டு மணி, பருந்து. பதினொரு மணி, காக்கா. ஒன்பது மணி, கீழே லாரி." கடக்வாஸ்லா அணையிலிருந்து வரும் கால்வாய் ஒரு கோடாகத் தெரிந்தது. அது நகரவில்லை, ஆகையால் சொல்லவில்லை.

அப்போதுதான் முன் கண்ணாடியில் நேர் நடுவே ஒரு புள்ளியைப் பார்த்தேன். பருந்தும் காக்கையும் கண்ணாடியில் இங்குமங்கும் நழுவிக்கொண்டிருந்தன. இது மட்டும் ஒட்டியது போல நின்றது. அழுக்கு எனக்குப் பிடிக்காது. கைக்குட்டையால் துடைத்தேன். போகவில்லை.

"மாமா, கண்ணாடிய யாரும் துடைக்க மாட்டீங்களா? ஒரு புள்ளி இருக்கு."

"எங்க கண்ணு?"

"எனக்கு நேரா. வெளிப்பக்கம் போல, தேச்சாலும் போகல. இப்போ கொஞ்சம் பெருசாயிருச்சு."

சொல்லி முடிப்பதற்குள் உலகம் வலது பக்கமாகச் சாய்ந்தது. தலையணைகள் ஆளுக்கொரு பக்கம் போயின. இடது பக்கத்தில் ஒரு பெரிய வெள்ளை இறக்கை எங்களைக் கடந்தது. அதுவும் தன் வலது பக்கம் சாய்ந்திருந்தது. உள்ளே இருந்தவரின் தொப்பியின் நிறம்கூடத் தெரிந்தது. நான் கையசைத்தேன். அவர் அசைக்கவில்லை.

"ஒன்பது மணி, கிளைடர்!" என்று கடமை தவறாமல் கத்தினேன்.

"பாத்தேன் கண்ணு" என்றார் மாமா. குரல் மெலிந்திருந்தது.

"மாமா, புள்ளி போயிருச்சு. காத்துல விழுந்திருச்சு போல."

மாமா கிளைடரை மைதானத்துப் பக்கம் திருப்பினார்.

இறங்கியதும் தொப்பிக்காரர் ஓடி வந்தார். மாமாவின் கையைப் பிடித்தவர் வெகுநேரம் விடவில்லை. பிறகு எனக்கு ஒரு வடா பாவ் வாங்கித் தந்து, குனிந்து, "ஆணக்கீ ஏக்?" என்று மராத்தியில் கேட்டார். இன்னொன்றும் வாங்கிக்கொண்டேன். முதல் முறை பறந்தவர்களுக்கு இரண்டு தருவது வழக்கம் போலும் என்று நினைத்தேன்.

நான் கார் ஓட்டக் கற்றுக்கொண்ட வயதில்தான் மாமா விளக்கினார். மோத வருவது கண்ணாடியில் நகராது. ஒரே இடத்தில் நின்றபடி பெரிதாகும், அவ்வளவுதான். இடம் மாறிக்கொண்டே இருப்பது விலகிப் போய்விடும். அன்று அந்தப் புள்ளியை அவர் பார்க்க முடியாதபடி மறைத்தது என் தலையும் அவரே போட்ட தலையணைகளும். "நகர்றதச் சொல்லுன்னு உனக்குத் தலைகீழாச் சொல்லிக் குடுத்தேன் பாரு, நானெல்லாம் ஒரு இன்ஜினியர்" என்று சிரித்தார்.

பறந்து வந்த அன்று இரவு சாப்பிடும்போது அம்மா என் கைகளையும் முழங்கால்களையும் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கீறல் இல்லை. "எப்பிடி இருந்துச்சு?" என்றாள்.

"எல்லாம் நல்லாத்தான் இருந்துச்சும்மா. கண்ணாடிதான் அழுக்கு. மாமா துடைக்கிறதே இல்ல."

மாமாவின் கை சோற்றில் நின்றது.

"ஏண்டா, அதக்கூடத் துடைக்காமயா புள்ளைய ஏத்திட்டுப் போனே?"

"தப்புத்தான் அக்கா" என்றார் மாமா, தலை நிமிராமல். அம்மா அவர் தட்டில் இன்னொரு கரண்டி ரசம் ஊற்றினாள். அவருடைய ஞாயிற்றுக்கிழமைகள் தப்பின.

மறுநாள் காலை எழுந்ததும், பல்கூடத் துலக்காமல், ஈரத்துணியோடு கீழே போய் ஸ்கூட்டரின் முன் கண்ணாடியைத் துடைத்தேன். தொழிற்சாலை பஸ்ஸைப் பிடிக்கக் கிளம்பிய மாமா, படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"இனிமே கண்ணாடியில புள்ளி கிள்ளி தெரிஞ்சா துடைக்காத கண்ணு. என்கிட்டச் சொல்லு."

"ஏன் மாமா?"

பின்னலை ஒரு முறை இழுத்துவிட்டுப் போய்விட்டார். நல்ல மாமாதான், அவருக்குச் சுத்தம்தான் கொஞ்சம் போதாது என்று எண்ணியபடி, துணியைப் பிழிந்து கொடியில் காயப்போட்டேன்.