மட்டாஞ்சேரியில் ஐந்து நொடி

போன வாரம் கோவையில் ஸ்டெல்லாவின் பணி ஓய்வு விழா. மேடையிலிருந்தபடியே என்னை எழுந்து நிற்கச் சொல்லி, "இந்த வேலை ராஜி எனக்குக் கொடுத்தது" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எல்லாரும் கை தட்டினார்கள். எனக்குக் காது சூடேறியது. அவள் சொன்னது 1983 டிசம்பரில் நாங்கள் மட்டாஞ்சேரிக்குப் போன கதை. அதில் ஒரே ஒரு இடம் தப்பு. இந்தப் பக்கத்தில் எத்தனையோ ஊர்களைப் பற்றி எழுதியும் அந்த ஊரை மட்டும் தள்ளிப்போட்டு வந்ததற்குக் காரணமும் அதுதான்.

நாங்கள் இருவரும் அப்போது ஒரு மில்லின் கூடைப்பந்து அணியில் இருந்தோம். ஆடுவதற்காகவே எங்களுக்கு அலுவலகத்தில் வேலை கொடுத்திருந்தார்கள். ஆனால் தற்காலிகம். நிரந்தர இடம் ஒன்றுதான் காலி. மட்டாஞ்சேரி ஆட்டத்தைப் பார்த்துவிட்டு எங்களில் ஒருத்திக்கு ஆர்டர், மற்றவள் மாதக் கடைசியில் வீட்டுக்கு என்று அதிகாரி சொல்லிவிட்டார். அவருக்குக் கூடைப்பந்து தெரியாது. யார் கூடை போட்டது என்று நோட்டில் கோடு போடத் தெரியும். என் வீட்டுக்கு என் சம்பளம் மட்டும்தான். ஸ்டெல்லா வீட்டிலும் அதே நிலைமை.

காலை ஐந்தரைக்குக் கோவையில் பேருந்து ஏறினோம். பாலக்காடு, திருச்சூர் வழியாக எர்ணாகுளம் ஏறக்குறைய இருநூறு கிலோமீட்டர். பதினொன்றுக்கு இறங்கினோம். அத்தனை தூரமும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தும் நானும் ஸ்டெல்லாவும் பேசிக்கொள்ளவில்லை. அங்கிருந்து மட்டாஞ்சேரிக்குப் படகில் அரை மணி நேரம், டிக்கெட் நாற்பது பைசா. வெலிங்டன் தீவில் நின்ற கப்பலைப் பார்க்க எங்கள் கூட்டம் மொத்தமும் ஒரு பக்கம் சாய, படகுக்காரர் கத்தினார்: "சேச்சிமாரே, எல்லாரும் ஒரு சைடில் நிக்கல்லே!" நிற்காதீர்கள் என்கிறார்.

துறையிலிருந்து ஆடுகளம் பத்து நிமிட நடை. தெருவெல்லாம் மிளகு மூட்டை, சுக்கு மூட்டை, கைவண்டி. தும்மிக்கொண்டேதான் நடக்க வேண்டும். ஆடுகளம் சிமெண்டுத் தரை. வலது ஓரக்கோட்டை ஒட்டி ஒரு கிடங்குச் சுவர். எதிரே சாயாக்கடை வைத்திருந்த பாண்டியண்ணன் திருநெல்வேலிக்காரர். எங்கள் தமிழைக் கேட்டதும் வந்து, களத்தில் பந்து தட்டிக்கொண்டிருந்த உள்ளூர் அணியைக் காட்டினார்.

"இவளுவ ஆட்டத்தப் பாத்திருக்கியளா?"

"இல்லண்ணே."

"பந்து வச்சிருக்கவள ஓரமாத் தள்ளிட்டுப் போவாளுவ. பொறவு ரெண்டு பேராச் சேந்து அமுக்கிருவாளுவ. அதப் பாக்கத்தான் இந்தச் சேட்டன்மாரு இம்புட்டுப் பேரும் வாராவ. சாயா குடிங்க."

நாலு மணிக்கு ஆட்டம். பந்தைக் கொண்டுபோகிறவள் நான். நடுக்கோட்டைத் தாண்டியதுமே ஒருத்தி முன்னால் மறித்து என்னை அந்தச் சுவர்ப் பக்கம் ஒதுக்கினாள். நான் தட்டுவதை நிறுத்திப் பந்தைக் கையில் பிடித்த நிமிஷம் இன்னொருத்தி பக்கவாட்டில் வந்து அடைத்தாள். முன்னால் நாலு கை, பின்னால் கோடு. அப்படி மாட்டினால் ஐந்து நொடிக்குள் பந்தை விட்டாக வேண்டும், இல்லையென்றால் அது எதிரணிக்கு. நடுவர் கையை வீசி வீசி எண்ணுவார். முதல் பாதியில் மூன்று முறை அப்படியே பறிகொடுத்தேன். சுற்றிலும் ஒரே கூச்சல்.

இரண்டு பேர் என்னிடம் வந்தால் எங்களில் ஒருத்தி தனியாக நிற்பாள் இல்லையா? அவர்கள் கணக்குப் பார்த்துத் தனியாக விட்டது ஸ்டெல்லாவை. தூரத்திலிருந்து அவள் எறிவது நாலில் ஒன்று விழுந்தால் அதிகம். அவள் கையை உயர்த்திக்கொண்டு, "ராஜி, இங்க! இங்கடி!" என்று தொண்டை கிழியக் கத்தினாள். நான் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

இடைவேளையில் பாண்டியண்ணன் சாயாவோடு வந்தார். "அந்த நெட்டப் பொண்ணு சும்மாதான நிக்கி. அவகிட்ட குடுத்தா என்னம்மா?"

"எனக்குத் தெரியும்ணே. நீங்க சாயாவைப் பாருங்க" என்று எரிந்து விழுந்தேன். பயிற்சியாளரும் அதையே சொன்னார், தலையாட்டினேன். இரண்டாம் பாதியில் மாட்டும்போதெல்லாம் மற்ற மூன்று பேரில் யாருக்காவது எப்படியாவது திணித்துவிட்டேன், ஸ்டெல்லாவுக்கு மட்டும் ஒரு பந்து இல்லை. எழுதும்போதே வெட்கமாக இருக்கிறது.

கடைசி அரை நிமிஷம். ஒரு புள்ளி பின்தங்கியிருந்தோம். திரும்பவும் அதே சுவர், அதே இரண்டு பேர். அவர்கள் தோள்களுக்கு நடுவே ஒரு சந்து தெரிந்தது. அதில் நுழைந்து எறிந்தால் வேலை எனக்கு. நுழையப் பார்த்தேன், மூடினார்கள். திரும்பவும் பார்த்தேன். பிறகு பந்து ஸ்டெல்லாவிடம் போனது. அவள் எறிந்தது பலகையில் பட்டு, வளையத்தில் ஒரு சுற்றுச் சுற்றி, உள்ளே விழுந்தது.

ஆறரைப் படகில் ஸ்டெல்லா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "வேல போயிடும்னு தெரிஞ்சும் குடுத்தியேடி!" நான் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டு வாரத்தில் அவளுக்கு ஆர்டர் வந்தது. நான் மாதக் கடைசியில் மேஜையைக் காலி செய்துவிட்டுப் போனேன்.

மட்டாஞ்சேரி போகிறவர்களுக்கு: நான் சொன்ன கட்டணம் பழங்கதை, துறையில் கேட்டுக்கொள்ளுங்கள். சாலை வழியே போகாமல் படகில் போங்கள். மிளகுத் தெருவுக்குக் கைக்குட்டை அவசியம். ஆடப் போகிறீர்கள் என்றால், இரண்டாமவள் வந்து சேர்வதற்கு முன்பே பந்தை விட்டுவிடுங்கள். வந்தபின் யோசிக்க நேரம் இருக்காது.

ஸ்டெல்லா, இதை நீ படிப்பாய் என்று தெரியும். எனக்கும் யோசிக்க நேரம் இருக்கவில்லை. நடுவரின் கை நான்காவது தடவை வீசியதைப் பார்த்துவிட்டேன், அதனால்தான் கொடுத்தேன். இன்னும் இரண்டு நொடி கிடைத்திருந்தால் நீ கையை உயர்த்தியபடியே நின்றிருப்பாய்.