எங்கள் தெருவுக்கு வந்த குப்பை

எங்கள் தெருவைப் பற்றி யாங்கூனில் எல்லோருக்கும் தெரியும். அங்கே ஒருமுறைகூடக் கால் வைக்காதவர்களுக்கு இன்னும் நன்றாகத் தெரியும். போனால் பர்ஸ் காணாமல் போகும், பொழுது சாய்ந்தால் பெண்கள் நடமாட முடியாது, வீட்டுக்கு வீடு குடிகாரன், பிள்ளைகள் குப்பைமேட்டில்தான் புரளும் என்றெல்லாம் என் அலுவலகத்தில் ஒருவர் போன மாதம் எனக்கே எடுத்துச் சொன்னார். நான் பிறந்து வளர்ந்தது அந்தத் தெருவில்தான் என்றேன். அவர் சங்கடப்படவில்லை. "அப்ப உங்களுக்கே தெரிஞ்சிருக்குமே" என்றார்.

எனக்குத் தெரியும். அந்தக் குப்பையை யார் கொண்டுவந்து கொட்டினார்கள் என்பது தெரியும். கொட்டியபோது நான் பக்கத்தில் நின்றிருந்தேன்.

போட்டாதாங் படகுத்துறைகளிலிருந்து சற்று உள்ளே தள்ளி இருந்தது அந்தத் தெரு. துறைமுக வேலைக்குக் கப்பலேறி வந்தவர்களின் பேரப்பிள்ளைகளும் அவர்களுடைய பிள்ளைகளும் அங்கே குடியிருந்தோம். ஒரு முனையில் சின்ன அம்மன் கோயில், மறு முனையில் கிறிஸ்தவத் தமிழர் வீடுகள். ஆண்கள் கிடங்குகளில் கணக்கு எழுதினார்கள், மின்சார வேலை பார்த்தார்கள். ஒருவர் பக்கத்துத் தெருப் பர்மியப் பிள்ளைகளுக்குக் கணக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தார். அரசாங்கம் அந்தத் தெருவுக்கு ஒழுங்காக ஒரு பெயர் வைத்திருந்தது. அது தபால்காரருக்கு மட்டும் பயன்பட்டது. மற்ற எல்லோருக்கும் அது கலாத் தெரு.

பர்மிய மொழியில் கலா என்றால் இந்திய வம்சத்துக்காரன். சொல்லுகிற வாயைப் பொறுத்து அது வெறும் பெயராகவும் இருக்கும், முகத்தில் துப்பியதுபோலவும் இருக்கும். பஸ் நிறுத்தத்தில் சைக்கா என்கிற சைக்கிள் ரிக்‌ஷாவில் ஏறி அந்தப் பெயரைச் சொன்னால், தெருமுக்கிலேயே மிதிப்பதை நிறுத்திவிட்டு, இறங்கி நடந்துகொள்ளுங்கள் என்று சொல்லும் சைக்காக்காரர்கள் உண்டு. உள்ளே வந்தால் வண்டியைப் பிடுங்கிக்கொள்வோமாம்.

நான் நாலாம் வகுப்பில் இருந்தபோது எங்கள் தெருவில் படம் பிடிக்கப் போகிறார்கள் என்ற செய்தி வந்தது. அப்போதெல்லாம் தியேட்டருக்குப் போகாமல் நேரே வீசிடி வட்டில் வரும் படங்கள் அதிகம். டீக்கடைகளில் அதைத்தான் ஓயாமல் ஓட்டுவார்கள். கதாநாயகன் காலண்டர்களில் சிரிக்கிற நடிகர். தெருவே நிலைகொள்ளாமல் தவித்தது. அம்மா வீட்டு முன்சுவருக்கு வெள்ளையடித்தாள். பெண்கள் எல்லோருமாகச் சேர்ந்து தெருவைக் கழுவி, சாக்கடையை வாரிச் சுண்ணாம்புத் தூள் போட்டார்கள். காலண்டர்க்காரர் நடக்கப்போகிற தெருவாயிற்றே.

எங்கள் எல்லோரையும்விட அதிகமாகத் தவித்தவர் மாமா, அம்மாவின் தம்பி. மின்சாதனக் கடையில் விற்பனைக்கு நின்றவர். அவருடைய குரல் அந்த வட்டாரத்தில் பேர்போனது. அடுத்த தெருப் பர்மியர்கள் தங்கள் பையன்களுக்குத் துறவு வேடமிட்டு ஊர்வலம் விடும் ஷின்பியூ விழா நடத்தும்போது, ஒலிபெருக்கியில் பேச மாமாவைத்தான் கூப்பிடுவார்கள். அவ்வளவு சுத்தமான பர்மிய மொழி. வயதான பிக்குகளே தலையசைத்துக் கேட்பார்கள். படத்தில் அவருக்கு ஒரு வசனம் தருவதாகச் சொல்லியிருந்தார்கள். அந்த வாரம் முழுக்க அவர் கண்ணாடிமுன் நின்று பேசிக்கொண்டிருந்தார்.

படப்பிடிப்பு நாள் காலையில் இரண்டு லாரிகள் வந்தன. ஒன்றில் விளக்கும் காமிராவும் இருந்தன. மற்றதில் குப்பை இருந்தது. ஏதோ ஒரு சந்தையின் பின்பக்கத்திலிருந்து அள்ளிக்கொண்டு வந்த குப்பை: அழுகிய முட்டைக்கோசு இலை, மீன் கூடை, உடைந்த பெட்டி, எதிலிருந்தோ ஒழுகிக்கொண்டிருந்த சாக்கு. தொப்பி வைத்த உதவி இயக்குநர் ஒருவர் இடம் காட்டக் காட்ட, ஆட்கள் தெருவின் இருபக்கமும் கொட்டிக்கொண்டே வந்தார்கள். எங்கள் வெள்ளைச் சுவருக்கு நேரே ஒரு பெரிய குவியல்.

அம்மா வெளியே வந்தாள். பர்மிய மொழியில் பதமாகவே கேட்டாள்.

"தம்பி, இது எங்க வாசல்."

"தெரியும் ஆன்ட்டி. கொஞ்ச நேரந்தான். ஷாட் முடிஞ்சதும் அள்ளிடுவோம்."

"குப்பை எதுக்கு? நேத்துத்தான் எல்லாரும் சேந்து கழுவி விட்டோம்."

"அதுதான் ஆன்ட்டி சிக்கலே. வந்து பாத்தா ரொம்பச் சுத்தமா இருக்கு. இப்படியே எடுத்தா இது கலாத் தெருன்னு யாரும் நம்பமாட்டாங்க."

அந்த ஆள் கேலியாகச் சொல்லவில்லை. கையைக் கட்டிக்கொண்டு, பெரியவர்களிடம் பேசும் மரியாதையோடு சொன்னார். இன்றைக்கும் எனக்கு உடம்பு பற்றியெரிவது அந்த மரியாதையை நினைத்தால்தான். திட்டியிருந்தால் பதிலுக்குத் திட்டியிருக்கலாம்.

"நம்பாட்டிப் போகட்டும். எடுத்துட்டுப் போங்க" என்றாள் அம்மா.

மாமா ஓடிவந்தார். விழாவுக்குக் கட்டும் பட்டு லுங்கியும் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையுமாக இருந்தார். "அக்கா, சும்மா இரு. சினிமான்னா அப்பிடித்தான் இருக்கும். காரியத்தக் கெடுத்துடாத" என்று தமிழில் கெஞ்சினார். அம்மா அவரை மேலும் கீழும் பார்த்தாள். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். பட்டப்பகலில் எங்கள் வீட்டுக் கதவு சாத்தியிருந்து அன்றுதான் பார்த்தேன்.

மாமாவின் பட்டு லுங்கி வேண்டாமென்று சொல்லிவிட்டார்கள். கிழிந்த பனியன் ஒன்றும் ஒட்டு மீசையும் கொடுத்தார்கள். ஒப்பனைக்காரர் அவர் முகத்தை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டு, இன்னும் கொஞ்சம் கறுப்பாக இருந்தால் தேவலை என்று கரியை எடுத்துப் பூசினார். மாமா ஏற்கெனவே எங்கள் வீட்டில் எல்லோரையும்விடக் கறுப்பு. அதுவும் போதவில்லை.

காட்சி இதுதான். கதாநாயகன் போலீஸ் அதிகாரி. திருடுபோன கைக்கடிகாரத்தைத் தேடிக் கலாத் தெருவுக்கு வருகிறார். வேறு எங்கே வருவார்? திருட்டுப் பொருள் வாங்குகிற மாமாவைப் பிடித்து உலுக்குகிறார். மாமா தன்னிடம் ஒன்றும் இல்லை, வீட்டில் எலி மட்டுந்தான் இருக்கிறது என்று சொல்லவேண்டும்.

காமிரா ஓடியது. மாமா நிமிர்ந்து நின்று, ஷின்பியூ ஒலிபெருக்கிக் குரலில், ஒவ்வொரு சொல்லும் மணிபோல விழும்படி சொன்னார். இயக்குநர் நிறுத்தச் சொன்னார். மெலிந்த மனிதர், நாற்காலியில் சாய்ந்தபடியே கேட்டார்.

"நீ எந்த ஊரு?"

"இந்தத் தெருதான் சயா" என்றார் மாமா, ஐயா என்பதற்குப் பர்மியர் சொல்லும் சொல்லைப் போட்டு.

"அப்ப கலா மாதிரிப் பேசேன்."

மாமாவுக்குப் புரியவில்லை. "எப்படி சயா?" என்றார்.

இயக்குநர் எழுந்து வந்து பேசிக் காட்டினார். நாக்கை மடித்து, ரகரத்தை உருட்டி, ஏற்ற இறக்கங்களை எல்லாம் தப்பாக வைத்து, தலையை இருபுறமும் ஆட்டி, கையைக் கூப்பி. தமிழில் சொன்னால் "நம்பள்கி வூட்லே எலி மட்டும்தா இர்க்கு சாமீ" என்பதுபோல இருந்தது. எங்கள் தெருவில் யாரும் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை. மாமாவும் கேட்டிருக்கமாட்டார். அவருக்கு அது எளிதில் வரவில்லை. நாக்கு பழகிய வழியிலேயே போயிற்று. இயக்குநர் பொறுமையாகத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொடுத்தார். தமிழன் எப்படிப் பேசுவான் என்று ஒரு பர்மியரிடம் பாடம் கேட்டுக்கொண்டு நின்றார் என் மாமா.

கடைசியில் வந்துவிட்டது. வந்ததும் நன்றாகவே வந்தது. கண்ணை உருட்டித் தலையை ஆட்டி அவர் சொன்னபோது படக்குழு விழுந்து விழுந்து சிரித்தது. கதாநாயகன் மாமாவின் தோளில் தட்டினார். எங்கள் தெருக்காரர்களும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். மாமாவும்தான் சிரித்தார்.

அடுத்தது பிள்ளைகள் வரும் காட்சி. கன்னத்தில் பூசியிருந்த தனக்கா மரப்பட்டைக் குழம்பைக் கழுவிவிட்டு, மண்ணைப் பூசிக்கொண்டு, கதாநாயகன் பின்னால் கையேந்தி ஓடவேண்டும். நான் முன்வரிசையில் நின்றேன். காமிரா ஓடிக்கொண்டிருந்தபோதே எங்கள் வீட்டுக் கதவு திறந்தது. அம்மா குப்பையை மிதித்துக்கொண்டு நேரே வந்து என் கையைப் பிடித்தாள். இயக்குநர் கத்தினார். அம்மா காமிராவுக்கு முன்னால் நின்றபடியே அவரைப் பார்த்து, "என் பிள்ளை பிச்சை எடுக்காது. படத்துலயும் எடுக்காது" என்றாள்.

உள்ளே கொண்டுபோய்ச் சோப்புப் போட்டு என் முகத்தை எரிய எரியத் தேய்த்தாள். நான் அழுதேன். காலண்டர்க்காரர் பக்கத்தில் நிற்கும் பாக்கியத்தைக் கெடுத்தாளே என்றுதான் அழுதேன்.

பிற்பகலில் படக்குழு போய்விட்டது. குப்பை லாரி பின்னால் வரும் என்று தொப்பிக்காரர் சொல்லிவிட்டுப் போனார். வரவில்லை. மறுநாள் வெயிலில் அந்த மீன் கூடைகள் எங்களை வீட்டுக்குள்ளேயே மூச்சுவிட முடியாமல் செய்தன. ஈ மொய்த்தது. மெயின் ரோட்டில் போகிறவர்கள் எங்கள் முக்கைக் கடக்கும்போது மூக்கைப் பொத்தினார்கள். இரண்டு பள்ளிப் பெண்கள் உள்ளே எட்டிப்பார்த்துவிட்டு, ஒருத்தி மற்றவளிடம் ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டு ஓடினார்கள்.

பிறகு வார்டு அலுவலகத்திலிருந்து ஒரு அதிகாரி வந்தார். தெருவுக்குள் வரவில்லை, முக்கிலேயே நின்றார்.

"உங்க ஆளுங்களுக்கு எத்தனை தடவைதான் சொல்றது? மனுஷங்க குடியிருக்கிற இடமா இது?"

"நாங்க போட்டதில்லீங்க. படம் எடுக்க வந்தவங்க கொட்டிட்டுப் போயிட்டாங்க" என்றாள் அம்மா.

"சினிமாக்காரங்க லாரி வச்சுக் குப்பையக் கொண்டுவந்து கொட்டுனாங்களா? அவங்களுக்கு என்ன பைத்தியமா?"

யோசித்துப் பார்த்தால் அது பைத்தியக்காரக் காரியம்தானே. நடந்தது எங்களுக்குத் தெரியும். ஆனால் நம்பும்படியாக இருந்தது அவர் சொன்னதுதான். சாயங்காலத்துக்குள் தெரு சுத்தமாகவேண்டும், இல்லையென்றால் அபராதம் என்று சொல்லிவிட்டுப் போனார். அம்மா உள்ளே போய்க் கூடையை எடுத்து வந்தாள்.

கூடைகளில் அள்ளி மெயின் ரோட்டுத் தொட்டிவரை சுமந்தோம். பஸ் நிறுத்தத்தில் நின்றவர்கள் எல்லோரும் பார்த்தார்கள்: கலாக்கள் ஊர்வலமாகக் குப்பை சுமந்து போகிறார்கள். யாரும் கூப்பிடாமலே மாமா வந்தார். மிகப் பெரிய கூடைகளை எடுத்துக்கொண்டார். அம்மா அவரோடு பேசவில்லை. கரி இன்னும் முழுதாகப் போகாமல் அவர் காதோரத்தில் ஒட்டியிருந்தது.

படம் வெளிவந்து டீக்கடையில் ஓட்டியபோது அம்மாவைத் தவிர எல்லோரும் போனோம். எங்கள் தெரு வந்தபோது பயமுறுத்தும் மேளம் ஒன்று பின்னணியில் அடித்தது. மாமாவின் வசனத்துக்குக் கடையே குலுங்கியது. அந்த ஒரு வரியால் படம் நன்றாக ஓடியதாகச் சொன்னார்கள். பள்ளிக்கூடத்தில் யாருடைய பென்சில் காணாமல் போனாலும் பிள்ளைகள் என்னைச் சுற்றி நின்று, தலையை ஆட்டி, அந்த எலி வசனத்தைச் சொன்னார்கள். அடுத்த ஷின்பியூ விழாவுக்கு மாமாவைக் கூப்பிட்டார்கள். அறிவிப்புக்கு நடுவே அந்த வசனத்தையும் அவ்வப்போது சொல்லவேண்டுமாம். தொண்டை கட்டிக்கொண்டது என்று சொல்லி அனுப்பிவிட்டார். அதன்பின் அவர் ஒலிபெருக்கியைத் தொடவே இல்லை.

அந்த ஆண்டு மழை ஓய்ந்தபிறகு, ஆற்றுக்கு அக்கரையில் டாலாவில் இருந்த உறவினர் வீட்டுக்கு மாமா என்னைக் கூட்டிக்கொண்டு போனார். படகில் கூட்டம். எதிர்ப்பலகையில் மனைவியோடு உட்கார்ந்திருந்த ஒருவர் மாமாவையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, தொடையில் தட்டினார்.

"நீதானே அந்த எலிக்காரன்? ஒரு தடவை சொல்லிக் காட்டு. என் பெண்டாட்டி படம் பாக்கல."

சுற்றியிருந்தவர்கள் எல்லோரும் எங்கள் பக்கம் திரும்பினார்கள். எனக்கு ஒரே பெருமை. மாமா விழாக்களில் பேசும் அந்தக் குரலில், நிதானமாகச் சொன்னார்.

"மன்னிக்கணும் அண்ணா. அக்கா மகளோட ஒரு காரியமாப் போய்க்கிட்டிருக்கேன். இன்னொரு நாள் ஆகட்டும்."

அந்த மனிதர் வாயைப் பிளந்தார். மனைவியின் பக்கம் திரும்பினார்.

"கேட்டியா? நம்ம பாஷைய எவ்வளவு அழகாப் பேசுறான் பாரு இந்தக் கலா. எங்கேயோ நல்லாப் பாடம் பண்ணியிருக்கான்."

அந்த அம்மாள் ஆமாம் என்று தலையசைத்தாள். இன்னும் சிலரும் தலையசைத்தார்கள். அவர்கள் நல்லவர்கள்தான். அந்த அம்மாள் தன் பையிலிருந்து ஒரு பிடி சூரியகாந்தி விதையை எடுத்து என் கையில் வைத்தாள். மாமா பிறந்ததும் படித்ததும் யாங்கூனில். அவருடைய அப்பாவும் இந்த ஊரில் பிறந்தவர்தான்.

"மாமா, ஒங்களப் புகழ்றாங்க" என்று அவர் கையை இழுத்தேன். அவர் கழுத்தைத் திருப்பி ஆற்றைப் பார்த்துக்கொண்டார். டாலா வரும்வரை திரும்பவில்லை. படகு ஆட்டத்தில் தலை சுற்றுகிறது போலிருக்கிறது என்று நான் நினைத்துக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக அம்மாவிடம் ஓடினேன். மாமா பர்மிய மொழி பிரமாதமாகப் பேசுகிறார் என்று முன்பின் தெரியாத பர்மியரே சொன்னார் என்று, ஏதோ பரிசு வாங்கி வந்ததுபோலச் சொன்னேன். மாமா வாசலிலேயே நின்றுவிட்டார். அம்மா அவரைப் பார்த்தாள். குப்பை அள்ளிய நாளிலிருந்து அவரோடு முகங்கொடுத்துப் பேசாதவள், எழுந்து போய்த் தட்டை எடுத்து வைத்து, "உக்காருடா, சாப்புடு" என்றாள். இவ்வளவு நல்ல சேதி கொண்டுவந்த என்னை இருவரும் ஏன் ஒரு வார்த்தை பாராட்டவில்லை என்று எனக்கு அன்று வெகுநேரம் கோபமாக இருந்தது.