என் சுண்டுவிரல் எனக்குச் சொல்லாதது

இரண்டாயிரத்து இரண்டாம் வருடக் கோடை. திருவண்ணாமலை பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், மோட்டார் காயில் கட்டும் ஒரு கடையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த மாதங்களில் எங்களுக்கு மூச்சுவிட நேரம் இருக்காது. கிணற்றில் தண்ணீர் இறங்கிவிடும். கரண்டும் சரியாக வராது. கீழ்பென்னாத்தூர் பக்கத்து வயல்களில் ஓடுகிற மோட்டார்கள் ஒவ்வொன்றாகக் கருகி, டிராக்டரிலும் மினி வேனிலும் எங்கள் கடைக்கு வந்து சேரும். கருகிய செம்புக் கம்பியை வெட்டி எடுத்துவிட்டுப் புதுக் கம்பி கட்டிக் கொடுப்பதுதான் என் வேலை.

நான் எட்டாம் வகுப்புப் பாதியில் வீட்டை விட்டுப் போனவன். பெல்லாரி, ஹூப்ளி, சோலாப்பூர், சூரத் என்று சுற்றினேன். ஓர் ஊரில் ஒரு வருடம் இருந்தால் அதிகம். பட்டினியும் பிளாட்பாரத் தூக்கமும் உண்டு. அதில் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை, என்னைப் போல எத்தனையோ பேர். போன இடத்தில் எல்லாம் ஏதாவது ஒரு காயில் கடையில் ஒட்டிக்கொண்டேன். திருவண்ணாமலைக்கும் ஒரு மாதம் இருக்கலாம் என்றுதான் வந்தேன், இரண்டு வருடம் ஓடிவிட்டது. அவன் கை வைத்த மோட்டார் திரும்பி வராது என்று விவசாயிகள் சொல்வார்கள். அந்தப் பேச்சு எனக்குப் போதையாக இருந்தது.

ஒருநாள் காலை, தோளில் ஒரு வீடியோ கேமராவும் கையில் நோட்டுமாக ஒரு பெண் கடைக்குள் வந்தார். முப்பது வயதிருக்கும். பக்கத்துக் கிராமத்து விவசாயக் குடும்பம்தான். சென்னையில் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார். "சினிமாவா மேடம்? ஈரோ வேணும்னா நான் ரெடி" என்றார் முதலாளி. அந்தப் பெண் சிரித்துக்கொண்டே, "ஈரோ இவருங்க" என்று என்னைக் காட்டினார்.

தொழிலாளிகள் வேலையை எப்படிக் கற்கிறார்கள், அதை மற்றவர்களுக்குப் பாடமாக எப்படிச் செய்துகொடுப்பது என்பதுதான் அவருடைய படிப்பு. இதற்கெல்லாம் கூடவா பெரிய படிப்பு இருக்கிறது என்று எனக்கு வேடிக்கையாக இருந்தது. வேங்கிக்காலில் ஒரு வாடகைக் கட்டடத்தில் பெண்களுக்கான பயிற்சி மையம் ஒன்று இருந்தது. அங்கே ஆறு பெண்களுக்கு மோட்டார் காயில் கட்டச் சொல்லித்தர அனுமதி வாங்கியிருந்தார். ஆனால் ஒரு நிபந்தனை. ஆசிரியர் யாரும் பக்கத்தில் நிற்கக் கூடாது. வீடியோவையும் எழுதிய பாடத்தையும் வைத்துக்கொண்டே அவர்கள் ஒரு மோட்டாரைக் கட்டிக் காட்ட வேண்டும். அவருடைய பேராசிரியர் வந்து பார்ப்பார். மோட்டார் தேறினால் மையம் அந்தப் பயிற்சியைத் தொடர்ந்து நடத்தும். தேறாவிட்டால் அந்த ஆறு பேரும் பழையபடி தையல் வகுப்புக்குப் போக வேண்டியதுதான்.

நான்கு நாள் என்னைப் படம் எடுத்தார். நான் வேலை செய்துகொண்டே வாயால் சொல்ல வேண்டும், அவர் எழுதிக்கொள்வார். மோட்டாரின் இரும்பு உடம்புக்குள் சுற்றிலும் நீளமான பள்ளங்கள் இருக்கும், ஸ்லாட் என்போம். பழைய கம்பியை ஒரு பக்கம் உளியால் வெட்டி மறுபக்கம் இழுத்துவிட்டு, ஸ்லாட்டைச் சுத்தம் செய்து, கம்பி இரும்பில் படாமல் இருக்க உள்ளே பேப்பர் வைத்து, அதற்குள் புதுக் கம்பியை இறக்க வேண்டும். அத்தனையும் சொன்னேன். கடைசி நாள் எழுதியதை முழுக்க வாசித்துக் காட்டி, "வேற எதனா விட்டுப்போச்சாண்ணா?" என்று கேட்டார். இல்லை என்றேன். மறுபடி கேட்டார். மூன்றாவது தடவை கேட்டபோது எனக்குக் கோபமே வந்துவிட்டது. "என் வேலை எனக்குத் தெரியாதா மேடம்? இவ்ளோதான், வேற ஒண்ணுமே இல்ல."

பெண்களிடம் கொடுப்பதற்கு முன்னால் அந்தப் பாடத்தை வைத்துத் தானே ஒரு மோட்டாரைக் கட்டிப் பார்த்தார். எழுதியிருந்ததை ஓர் எழுத்து மாறாமல் செய்தார். இரண்டு நாளில் முடித்துவிட்டு, சோதித்துப் பார்க்க என்னை வேங்கிக்காலுக்குக் கூப்பிட்டார். அதற்கு எங்களிடம் ஒரு பல்பு உண்டு. அதன் ஒரு வயரைக் கம்பியிலும் இன்னொன்றை மோட்டாரின் உடம்பிலும் வைப்போம். பல்பு எரியாவிட்டால் வேலை சுத்தம். எரிந்தால் கம்பி எங்கேயோ உள்ளே காயம்பட்டு இரும்பைத் தொடுகிறது என்று அர்த்தம். வயரை வைத்தேன். பல்பு பளிச்சென்று எரிந்தது.

எல்லாவற்றையும் பிரித்து இரண்டாம் தடவை கட்டினார். அதுவும் எரிந்தது. பேராசிரியர் வர ஐந்து நாள்தான் இருந்தது. ஆறு பெண்களும் சுற்றி நின்று பல்பையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் அந்த நேரத்தில் சொன்னதை நினைத்தால் இன்றைக்கும் கூசுகிறது.

"புக்குல எழுதி வச்சிகினா வந்துடுமா மேடம்? இதுக்குக் கை வேணும். படிச்சவங்களுக்கும் பொம்பளைங்களுக்கும் இது ஆவறதில்ல."

ஆறு பேரில் மூத்தவர், கீழ்பென்னாத்தூர் பக்கத்துக்காரர், நாற்பத்தைந்து வயதிருக்கும், அவர்தான் கேட்டார். "கை வேணும்னு சொல்றியே தம்பி, அந்தக் கை இன்னா பண்ணுதுன்னு நீதான சொல்லணும்? சொல்லாம வுட்டுட்டு எங்கள ஏன் ஏசற?"

எனக்குச் சுருக்கென்றது. நான் எதையோ மறைத்துவிட்டேன் என்பது போல இருந்தது அந்தக் கேள்வி. திரும்பிப் பார்க்காமல் வெளியே வந்துவிட்டேன். அன்றிரவே ஊரை விட்டுப் போவது என்று முடிவெடுத்தேன். மனம் கசந்தால் பையைத் தூக்குவது என் பழக்கம். காலையில் பையைக் கட்டும்போதுதான் என் டூல் பையை வேங்கிக்காலிலேயே விட்டுவிட்டு வந்தது தெரிந்தது. அதை எடுத்துக்கொண்டு அப்படியே பெங்களூர் பஸ் ஏறலாம் என்று போனேன்.

உள்ளே டிவி ஓடிக்கொண்டிருந்தது. மேடமும் ஆறு பெண்களும் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். திரையில் முகம் இல்லை, என் இரண்டு கைகள் மட்டும். சத்தமே இல்லை. மூத்தவர் திரையைக் காட்டிக் காட்டி, "பதினேழு... பதினெட்டு..." என்று எண்ணிக்கொண்டிருந்தார்.

"இன்னாக்கா எண்றீங்க?" என்றேன்.

"நீ வெரலு வுடறத்த."

எனக்குப் புரியவில்லை. மேடம் எழுந்து படத்தைப் பின்னால் ஓட்டி மெதுவாக ஓடவிட்டார். என் இடது கை பேப்பரை எடுக்கிறது. அது ஸ்லாட்டை நெருங்குவதற்குள் வலது கையின் சுண்டுவிரல் கம்பி வெட்டிய பக்கத்து வாய்க்குள் நுழைந்து, விளிம்பை ஒரு சுற்று தடவிவிட்டு வெளியே வருகிறது. கண்மூடித் திறக்கிற நேரம்தான். பிறகு பேப்பர் உள்ளே போகிறது. அடுத்த ஸ்லாட்டிலும் அப்படியே. அதற்கடுத்ததிலும். பதினொன்றாவதில் விரல் நின்றது. கை தானாகப் போய் அரத்தை எடுத்து இரண்டு இழுப்பு இழுத்தது, விரல் மறுபடி உள்ளே போய்ப் பார்த்தது, அப்புறம்தான் பேப்பர். இத்தனையும் நடக்கும்போது திரைக்கு வெளியே நான் எதையோ பேசிக்கொண்டிருந்திருக்கிறேன், கை செய்வது எதுவும் தெரியாமல்.

இருபத்து நான்கு ஸ்லாட். இருபத்து நான்கு முறை.

மணிக்கட்டில் இருந்த சூட்டுத் தழும்பு என்னுடையது. சட்டைக் கை என்னுடையது. ஆனால் அந்த விரலை நான் அன்றைக்குத்தான் முதல்முதலாகப் பார்த்தேன். உட்கார்ந்துவிட்டேன்.

"நேத்து படம் பாத்தப்ப எங்களுக்கும் தெரியல தம்பி" என்றார் மூத்தவர். "நீ சும்மா பேசிகினே இருந்தியா, அதையே கேட்டுகினு இருந்துட்டோம். இன்னிக்கி சத்தத்தக் கொறச்சிட்டுப் பாத்தோம். நாங்க வெத மல்லாட்ட பொறுக்கறமே, கண்ணால பாத்தா பொறுக்கறோம்? சொத்தைய வெரலுதான சொல்லுது."

மல்லாட்டை என்றால் வேர்க்கடலை. விதைக்கடலையைப் பார்க்காமலே தடவிப் பிரிக்கிற கைகள் அவை. மோட்டாரை அதற்கு முன் தொட்டே பார்க்காதவர்கள், இருபது வருடமாக எனக்கே தெரியாததை ஒரு காலைப்பொழுதில் கண்டுபிடித்துவிட்டார்கள்.

"எதுக்குண்ணா அது?" என்று மேடம் கேட்டார். எனக்கும் அது தெரிந்தாக வேண்டியிருந்தது. பல்பு எரிந்த அந்த மோட்டாரை இழுத்துப் போட்டு, கம்பியை எல்லாம் பிரித்தேன். சுண்டுவிரலை ஒவ்வொரு ஸ்லாட்டிலும் விட்டேன். ஏழாவதில் நறுக்கென்று குத்தியது. உளியால் வெட்டும்போது இரும்பில் ஒரு பிசிர் எழுந்திருந்தது. கண்ணுக்குத் தெரியாது. அதுதான் பேப்பரைக் கிழித்து, கம்பியின் மேல்பூச்சைச் சுரண்டியிருக்கிறது. விரலைத் திருப்பிப் பார்த்தேன். நுனியில் மயிரிழை மயிரிழையாக எத்தனையோ பழைய கீறல்கள். அவையும் அன்றைக்குத்தான் என் கண்ணில் பட்டன.

யார் சொல்லிக்கொடுத்தார்கள் என்று எவ்வளவோ யோசித்துப் பார்த்தேன். யாரும் சொன்னதாக நினைவில்லை. எந்த ஊரிலோ, எந்தக் கடையிலோ, என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் கை தானாகக் கற்றுக்கொண்டிருக்கிறது. மேடம் நோட்டை எடுத்தார். எழுதுவதற்கு முன் என்னைப் பார்த்து, "இதத் தேடித்தாங்கண்ணா மூணு வருசமா அலையறேன்" என்றார். அவர் கண் கலங்கியிருந்தது. நேற்றுப் பேசியதற்கு மன்னிப்புக் கேட்டேன். மூத்தவர், "அத்த வுடு, மொதல்ல டீ சொல்லு" என்றார். பெங்களூர் பஸ் போய்விட்டது.

பேராசிரியர் வந்த அன்று என்னை உள்ளே விடவில்லை. நிபந்தனை அப்படி. எதிர் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். மூத்தவர் கட்டிய மோட்டாரைத்தான் சோதிப்பதாக ஏற்பாடு. நான்காவது டீயைக் குடிக்காமல் கையில் வைத்திருந்தேன். கதவு திறந்தது. மூத்தவர் வெயிலில் வெறுங்காலோடு ரோட்டைத் தாண்டி ஓடிவந்தார்.

"எரியல தம்பி! எரியவே இல்ல!"

பல்பு எரியவில்லை என்று ஒருவர் அப்படிக் கொண்டாடுவதைப் பார்த்து டீக்கடைக்காரர் திருதிருவென்று விழித்தார். என்னை உள்ளே கூட்டிக்கொண்டு போனார்கள். அங்கே வெள்ளைச் சட்டை போட்ட அந்தப் பெரிய பேராசிரியர், இன்னும் கம்பி ஏற்றாத ஒரு மோட்டாருக்கு முன்னால் குனிந்து, கண்ணை மூடிக்கொண்டு, சுண்டுவிரலை ஒரு ஸ்லாட்டுக்குள் விட்டுத் தடவிக்கொண்டிருந்தார். ஒரு பெண், "இன்னும் கொஞ்சம் உள்ள வுடுங்க சார்" என்று சொல்லிக்கொடுத்தார். அவரும் சரிங்க என்று விட்டார்.

அந்த மையத்தில் காயில் வகுப்பு நடக்க ஆரம்பித்தது. நான் அடுத்த தை மாதம் வேறு ஊருக்குப் போய்விட்டேன். இப்போதும் அங்கே இங்கே என்றுதான் இருக்கிறேன். ஆனால் ஓட்டலில் ஒருவர் தோசையைத் திருப்பும்போதோ, ஓடுகிற பஸ்ஸில் கண்டக்டர் டிக்கெட்டைக் கிழிக்கும்போதோ, என்னை அறியாமல் பேச்சை நிறுத்திவிட்டு அவர்கள் கையையே பார்க்க ஆரம்பித்துவிடுகிறேன்; அவர்களுக்கே தெரியாமல் அங்கே எத்தனை பாடம் நடந்துகொண்டிருக்கிறதோ என்ற பிரமிப்பு இத்தனை வருடத்தில் எனக்குக் கொஞ்சம்கூடக் குறையவில்லை.