வாரிசு வேலை

தம்பியின் காக்கிச் சட்டையை எத்தனை தடவை அலசினாலும் வாளித் தண்ணீர் வெளுத்துக்கொண்டேதான் இருக்கும். கல்லை அரைத்துத் தூளாக்கும் பிரிவில் அவனுக்கு வேலை. சட்டையைத் துவைத்து விம்கோ நகர் வீட்டு மாடியில் கொடியில் போட்டுவிட்டு, பி.காம் வகுப்புக்குப் பஸ் பிடிக்க ஓடுவேன். வெட்கமில்லாமல் ஓடினேன் என்றுதான் சொல்ல வேண்டும்.

மஞ்சள் காமாலையில் எனக்கு ஒரு வருஷம் வீணானதால் தம்பியும் நானும் ஒன்றாகவே பிளஸ் டூ எழுதினோம். இருவரும் காமர்ஸ் குரூப், இருவருக்கும் பி.காம் இடம் கிடைத்தது. கல்லூரி திறப்பதற்குள், ஷிப்டுக்குக் கிளம்பிய அப்பா மாரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார், எழுந்திருக்கவில்லை. பிள்ளைகளில் ஒருவருக்கு அவர் தொழிற்சாலையிலேயே வாரிசு வேலை என்றார்கள். யூனியன்காரர் வீட்டுக்கே வந்து சொன்னார்: "பொண்ணு வந்தா பேக்கிங்ல குந்திக்கினு பாக்குற வேலை. பையன் வந்தா அரவைதான், தூசு ஜாஸ்தி. யோசிச்சி சொல்லுங்க."

யோசிக்க என்ன இருக்கிறது? நான் போயிருக்க வேண்டும். மூத்தவள், உட்கார்ந்து செய்கிற வேலை. அம்மா என் முகத்தைத்தான் பார்த்தாள். நான் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தேன். படிக்க வேண்டும் என்ற ஆசை வாயைத் திறக்க விடவில்லை. தம்பிதான் பேசினான். "நான் போறேம்மா. எனுக்கு இந்தக் கணக்குலாம் பேஜாரு. அக்கா படிக்கட்டும்." அக்கவுண்டன்சியில் அவன் என்னைவிட இருபது மார்க் அதிகம். பொய் சொல்கிறான் என்று தெரிந்தும் நம்பியதுபோல இருந்துவிட்டேன்.

இன்று துறைமுகத்தை ஒட்டிய ஏற்றுமதி அலுவலகம் ஒன்றில் ஏ.சி. அறையில் உட்கார்ந்து வேலை பார்க்கிறேன். நன்றாகத்தான் இருக்கிறேன். தம்பிக்கு நாற்பது ஆவதற்குள் நுரையீரல் போய்விட்டது. போன மாதம் ஆஸ்பத்திரியில், மூக்கில் ஆக்சிஜன் குழாயோடு படுத்திருந்தவன் திடீரென்று கேட்டான்: "அக்கா, தபால்ல பி.காம் படிக்க... வயசு லிமிட் எதுனா இருக்குதா?"

"இல்லடா."

"அப்ப... என்னை சேத்து வுடு," என்று கண்ணை மூடிக்கொண்டான்.

மறுநாள் ஆபீஸ் கம்ப்யூட்டரில் அவனுக்கான விண்ணப்பத்தை நிரப்பிக்கொண்டிருந்தேன். பெயர் போட்டு, பிறந்த தேதி வரைக்கும் வந்திருந்தேன். ஆஸ்பத்திரியில் அவனோடு இருந்த அம்மாவிடமிருந்து போன் வந்தது.