கடுகும் வண்டிச் சக்கரமும்

தாளிக்கும்போது ஒரு கடுகு உள்ளங்கையில் ஒட்டிக்கொண்டது. எண்ணெய் காய்வதை மறந்து நின்றுவிட்டேன்.

அக்கா பெரியவளானதும் அவள் படிப்பை நிறுத்திவிட்டார்கள். பள்ளி விட்டு வந்ததும் அன்றைய பாடத்தை நான் அவளுக்குச் சொல்வேன்.

"சூரியன் இந்தக் கடுகுன்னா, திருவாதிரை நட்சத்திரம் நம்ம வண்டிச் சக்கரமாம்க்கா" என்றேன் ஒருநாள், ஒரு கடுகை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்து.

"பொய் சொல்லாதட்டி! பின்ன எதுக்கு புள்ளியாத் தெரியுது?"

"அம்புட்டு தூரத்துல இருக்காம்."

அக்கா வெகுநேரம் அந்தக் கடுகையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அடுத்த தை மாதம் அவளை இரணியலில் கட்டிக்கொடுத்தார்கள். முதன்முறை அவள் எங்கள் வீட்டுக்கு வந்தபோது, சேர்த்துவைத்திருந்த பாடங்களோடு ஓடினேன். அக்கா முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள்.

"இனி எனக்கு எதுக்குட்டி அது? நீ படி" என்றாள், தலை நிமிராமல்.

அதன்பிறகு பள்ளியில் கேட்டதை நான் யாரிடமும் சொன்னதில்லை.