இலாரியோ நிரப்பிய சுவர்

“யார்ரா அது, என் மாவுல மண்ணை ஊதுறது?”

கேட்டது சுவர். இலாரியோ காற்றுக் குழாயைப் பிடித்தபடி சுற்றுமுற்றும் பார்த்தார். நிலநடுக்கத்துக்குப் பிறகு மேல்தெருவில் ஆளரவமே கிடையாது. அவர் நின்றிருந்ததும் பூட்டிக் கிடந்த பழைய தானியக் கிடங்கில். சுவரில் வரிசையாகத் துளை போட்டு, விரல் பருமனுக்குக் குழாய்களைச் செருகி, உள்ளே கிடந்த தூசியை ஊதிக்கொண்டிருந்தார். மார்பு உயரத்துக் குழாயிலிருந்து ஒரு பெண்ணின் குரல் வந்தது.

“மன்னிக்கணும் சிஞ்ஞோரா. அந்தப் பக்கம் ஆள் இருக்கறது தெரியாது.”

“பின்ன, பேயா பாஸ்தா உருட்டுது?”

பெயர் ஓர்தென்சியா. தையற்காரி. தெரு முழுக்கக் கடற்கரை விடுதிகளுக்குப் போய்விட்டது. இவர் மட்டும் போகவில்லை. மாதக் கடைசியில் கட்டட ஆய்வாளர்கள் வருவார்கள். கிடங்குக்கும் அவர் அடுக்களைக்கும் பொதுவான இந்தச் சுவர் அதற்குள் பலப்படாவிட்டால் வீட்டுக் கதவுக்கு முத்திரை வைத்துவிடுவார்கள். அதனால் தலைக்கவசம் போட்ட ஒருவரையும் அவர் வாசலுக்குள் விடுவதில்லை.

“நீங்களும் வரக்கூடாது எஞ்சினியரே.”

“நான் எஞ்சினியர் இல்ல. கரைசல் கலக்கிக் குடுக்கறவன்.”

உண்மைதான். கடற்கரை நகரத்து ஆய்வுக்கூடத்தில் இந்த ஐம்பத்தேழு வயது வரை அவர் செய்தது அது ஒன்றே. கல்யாணம் இல்லை. அம்மா போனபின் வீட்டில் வானொலி பேசும், இவர் கேட்பார். கூடத்தில் சாப்பாட்டு நேரத்தில் மற்றவர்கள் ஒரு மேசையைச் சுற்றி உட்கார, இவர் தன் கண்ணாடிக் குழாய்களின் பக்கத்திலேயே ரொட்டியைப் பிரித்துக்கொள்வார். யாரும் கூப்பிடாமல் இல்லை. கூப்பிட்டுப் பார்த்து விட்டுவிட்டார்கள்.

அந்தச் சுவருக்கு இரண்டு பக்கமும் நல்ல கல். நடுவே சல்லியும் மண்ணும். பூமி குலுங்கியதில் நடுவயிறு சரிந்து, இரண்டு தோலும் ஒன்றை ஒன்று தொடாமல் நின்றன. சிமென்ட் ஊற்றினால் கல்லைவிட இறுகிப்போய்க் கல்லையே பிளக்கும், உப்பைக் கக்கும். சுண்ணாம்புதான் வேண்டும், அதோடு எரிமலைச் சாம்பல், சலித்த செங்கல் பொடி. கெட்டியாகக் கலந்தால் மயிரிழை விரிசலில் நுழையாது. நீர்க்கக் கலந்தால் சுண்ணாம்பு கீழே தங்கி, தண்ணீர் மேலே நிற்கும்.

அதே சுவரின் சல்லியைக் கண்ணாடிக் குழாயில் நிரப்பி, கீழிருந்து கரைசலை ஏற்றிப் பார்த்தார். முதல் கலவை பாதியிலேயே அடைத்துக்கொண்டது. இரண்டாவது உச்சி வரை ஏறியது. காலையில் பார்த்தால் தலையில் தெளிந்த தண்ணீர்.

“இன்னிக்கும் தோத்தாச்சா?” என்றது சுவர்.

“தோத்தாச்சு.”

“என் மருமக சாஸ் மாதிரி. எண்ணெய் தனியா, தக்காளி தனியா.”

இலாரியோ சிரித்துவிட்டார். வெற்றுக் கிடங்கில் அந்தச் சத்தம் யாரோ ஒருவருடையது போலக் கேட்டது. சாம்பலைக் கூட்டி, தண்ணீரைச் சொட்டுச் சொட்டாகக் குறைத்தார். நடுநடுவே பேச்சு. அவர் காலையில் சாப்பிட்டாரா என்பதை வாழ்நாளில் இத்தனை முறை யாரும் விசாரித்ததில்லை.

மூன்றாவது கலவை ஏறியது, நின்றது, பிரியவில்லை.

“என்னாச்சு?”

“இன்னும் ஒரு தடவை பாக்கணும்.”

மறுநாளும் அதையே சொன்னார். ஒப்பந்தக்காரன் ஃபௌஸ்தோ தொலைபேசியில் கத்தினான்: “யோவ், சுவருக்கு வைத்தியம் பாக்கச் சொன்னா நீ அதைக் கட்டிக்குவ போல இருக்கே! மாசக் கடைசிக்குள்ள இறுக வேணாமா?”

வேண்டும். சுண்ணாம்புக்கு அவசரம் தெரியாது. இலாரியோவுக்குத் தெரியாததா? தாமதித்த ஒவ்வொரு நாளும் அந்தக் கதவின் மேல் முத்திரையை நெருக்கிக்கொண்டு வந்தது.

“நீங்க மூக்கால பேசுறீங்க,” என்றார் ஓர்தென்சியா. “எம் புருஷன் பொய் சொல்றப்ப அப்படித்தான். கலவை சரியாயிடுச்சு, இல்ல?”

“…ஆயிடுச்சு.”

“அப்ப ஊத்துங்க.”

“இந்தக் குழாயும் நிரம்பிடும் சிஞ்ஞோரா.”

அந்தப் பக்கம் மாவைப் பலகையில் அறையும் சத்தம். பிறகு, “நிரம்பணும்ல?”

அந்த ஒன்றை விட்டுவைக்க வழியில்லை. சுவர் வெடிப்பதென்றால் அங்கேதான் வெடிக்கும். அதோடு, ஒரு பொந்தையும் விடாமல் தேடிப் போகும்படி அந்தக் கரைசலை ஆக்கியதே அவர்தான்.

மறுநாள் கைப்பம்பை அடிக்க ஃபௌஸ்தோ வந்தான். அடிவரிசையிலிருந்து மேலே போக வேண்டும். அந்தப் பக்கம் கசிவைப் பார்க்க ஓர்தென்சியாவே நின்றார்.

“அலமாரிக்குப் பின்னாடி வருது!”

“ஈரக் களிமண் வச்சு அமுக்குங்க!”

“அமுக்கியாச்சு! கை முழுக்க வெள்ளை, வெள்ளை உடுப்புல சர்ச்சுக்கு முதல் நன்மை வாங்கப் போற பொண்ணு மாதிரி!”

“யாருய்யா அது?” என்றான் ஃபௌஸ்தோ.

“பக்கத்து வீடு,” என்றார் இலாரியோ. அவன் முன்னால் வேறென்ன சொல்வது?

கரைசல் இடுப்பைத் தாண்டியது. ஓர்தென்சியா நிறுத்தவே இல்லை. மதியச் சமையலைச் சொல்லிக்கொண்டிருந்தார். “பருப்புல தக்காளி சேக்கக் கூடாது. என் மாமியா சொல்லுவா, தக்காளி போட்டா அது—”

குழாயின் வாயில் பால் நிறத்தில் ஒரு துளி திரண்டு வழிந்தது.

“அடைய்யா, வழியுது,” என்றான் ஃபௌஸ்தோ. இலாரியோ தக்கையை அழுத்திச் செருகிவிட்டு அடுத்த வரிசைக்கு ஏணியை நகர்த்தினார்.

மாதக் கடைசியில் ஆய்வாளர்கள் சுத்தியலால் தட்டிப் பார்த்தார்கள். எங்கும் பொள்ளல் சத்தம் இல்லை. முத்திரையை வைக்காமலே திரும்பினார்கள். இலாரியோ சாமான்களை வண்டியில் ஏற்றிவிட்டுச் சதுக்கத்துக்கு இறங்கினார். ரொட்டி வண்டிக்கு முன் மூன்று பெண்கள் நின்றிருந்தார்கள். பின்னால் போய் நின்றார். ஒருத்தி மழையைப் பற்றிச் சொன்னாள், இன்னொருத்தி முட்டையைப் பற்றி. நீலக் கம்பளிச் சட்டைக்காரி ஏதோ சொல்லிச் சிரித்தாள். மெல்லிய, சாதாரணக் குரல்கள்; குழாய் வழியே கேட்டது இதில் எது என்று தெரியவில்லை.

“உங்களுக்கு?” என்றான் கடைக்காரன்.

“ஒரு ரொட்டி.” தேவைக்கு மேல் சத்தமாகவே சொன்னார். யாரும் திரும்பவில்லை.

பெண்கள் பிரிந்தார்கள். இரண்டு பேர் கீழே இறங்கினார்கள். நீலச் சட்டைக்காரி பையைத் தோளுக்கு மாற்றிக்கொண்டு மேல்தெருப் பக்கம் ஏறினார். அங்கே குடியிருப்பது ஒரே ஒருவர். குள்ளமாக இருந்தார். இலாரியோ உயரமாக நினைத்து வைத்திருந்தார்.

கூப்பிட்டிருந்தால் திரும்பியிருப்பார். நடுவில் ஒரு சுவர் இல்லாமல் அந்தப் பேரைச் சொல்லி இலாரியோவுக்குப் பழக்கமில்லை.