சம்பளத்துக்குக் குடித்தவர்

ஷிங் பாவ்லூவுக்கு வயது நாற்பத்தேழு. அதில் பத்தொன்பது ஆண்டுகளைச் சீனாவின் ஸிபோ நகரத்து டைல்ஸ் தொழிற்சாலை ஒன்றுக்காகக் குடித்தே கழித்திருந்தார். பெயர் அட்டையில் விற்பனைத் தலைவர் என்று இருக்கும். வேலை என்னவோ, விருந்தில் வாடிக்கையாளர் சாயும்வரை தான் சாயாமல் இருப்பது.

இந்த வசந்தத்தில் கண் மஞ்சளானது. லுவான் வைத்தியர் மணிக்கட்டில் மூன்று விரல் வைத்துப் பார்த்தார்.

"கல்லீரல்ல கோபம் கட்டிக் கெடக்கு."

"கோபமில்லீங்க, சரக்கு."

"ரெண்டுக்கும் கஷாயம் உண்டு. இனி ஒரு சொட்டு தொட்டீரு, அடுத்த தடவை பொண்டாட்டி மட்டும் வந்தா போதும்."

சைஹூ வேர், யின்சென் தழை, கொஞ்சம் அதிமதுரம். மனைவி ட்சுயிங் மண்சட்டியில் காய்ச்ச, மாடிப்படி முழுக்க நாறியது. சக்கையைத் தெருவில் கொட்டினால் மிதிக்கிறவர்கள் நோயைக் கொண்டுபோவார்கள் என்பது நம்பிக்கை. அவள் முதலாளியின் கார் நிற்கும் இடமாகப் பார்த்துக் கொட்டினாள்.

"குடிக்க முடியாதவன் கிடங்குல போய் பெட்டி அடுக்கட்டும்" என்று முதலாளி ஃபூ சொல்லியிருந்தாரே, அந்த வயிற்றெரிச்சல்.

வெள்ளிக்கிழமை விருந்துக்கு வந்தவர் ச்சுவே ஹோங்தாவ். ஜினான் நகரத்தில் ஒரு கட்டுமான நிறுவனத்துக்கு டைல்ஸ், சிமெண்டு வாங்கும் அதிகாரி. இதுவரை யாரும் சாய்க்காத ஆள். பாவ்லூ ஃபிளாஸ்க்கில் கஷாயத்தோடு போனார். சரக்கை வாயில் அடக்கி, தேநீர் குடிப்பதுபோல் அதற்குள் துப்பிவிடுவது திட்டம். ச்சுவேயிடமும் ஒரு ஃபிளாஸ்க் இருந்தது.

கோப்பையை இடிக்கும்போது மரியாதைக்கு மற்றவருடையதைவிடத் தாழ்த்திப் பிடிப்பதில் இருவருக்கும் போட்டி; விட்டால் மேசைக்கடியில் போய்விடுவார்கள் போலிருந்தது. ஐந்தாம் சுற்றில் இரண்டு மூடியும் ஒன்றாகத் திறந்தன. மீன் வாசனை அடங்கி, வைத்தியர் வீட்டு வாடை எழுந்தது.

ச்சுவே மூக்கை உறிஞ்சினார். "அண்ணே, யாருகிட்ட பாக்குறீங்க?"

பாவ்லூவுக்குக் கிடங்கு கண்ணில் தெரிந்தது. "லுவான்."

"எனக்கும் அவருதான். பொண்டாட்டி மட்டும் வந்தா போதும்னாரா?"

"அதேதான்."

"எல்லாருக்கும் அதான் சொல்றான் போல, கெழட்டுப் பய."

"என்னய்யா ரகசியம்?" என்றார் மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த முதலாளி ஃபூ. மூவரில் நிஜமாகவே குடித்திருந்தது அவர் ஒருவர்தான்.

"டைல்ஸ் நல்லாருக்கு, கையெழுத்து போடுறேன். ஆனா இனிமே இவரோட மட்டுந்தான் பேசுவேன். பகல்ல, டீயோட. எங்க ரெண்டு பேரு பங்கையும் நீங்க குடிச்சிருங்க முதலாளி" என்றார் ச்சுவே.

ஒப்பந்தமாயிற்றே, ஃபூ குடித்தார். அவரை டிரைவரும் சமையல்காரரும் தூக்கிப்போய்க் காரில் போட்டார்கள்.

திங்கட்கிழமை பாவ்லூ தன் நாற்காலியிலேயே உட்கார்ந்தார். விருந்துகளுக்குப் போக, முப்பது வயதுக்குள் வேறொருவரைத் தொழிற்சாலை தேடிக்கொண்டிருக்கிறது.